சபெராவியும் அதன் பந்தியும்

கறுப்பாகத் தெரியும் திராட்சையைப் பிழிந்தாலும் வரும் சாறு பெரும்பாலும் நிறமற்றதாகத்தான் இருக்கும். சிவப்பு ஒயினின் சிவப்பு தோலிலிருந்து கிடைப்பது. தோலும் சாறும் ஒன்றாக நொதிக்கும் நாட்களில் தோலிலுள்ள நிறமி கரைந்து சாற்றில் இறங்குகிறது. கபெர்னே சவிஞ்ஞோன், மெர்லோ, பினோ நுவார் என்று உலகம் முழுக்கப் பேர் பெற்ற வகைகள் எல்லாமே இப்படித்தான். ஜார்ஜியாவின் கிழக்கில் ககேதி மாநிலத்தில் விளையும் சபெராவி இதற்கு விலக்கு. அதன் சதையிலேயே நிறமி உண்டு. பழுத்த ஒன்றைப் பிட்டாலே விரல் சிவந்துவிடும். பழத்தை மிதித்த கால்களில் சாயம் ஏறி நாட்கணக்கில் நிற்கும். இப்படிச் சதையும் சிவந்த திராட்சைகள் உலகில் மிகக் குறைவு. அவற்றிலும் பெரும்பாலானவை வேறு ஒயின்களுக்கு நிறம் ஏற்றுவதற்காகக் கலக்கப்படுபவை. தனித்து நின்று உயர்தர ஒயினாகும் தகுதி பெற்றவற்றில் முதலில் சொல்ல வேண்டியது சபெராவி.

இந்த நிறமே அதைப் பற்றிய தவறான எண்ணத்துக்கும் காரணமாகிவிட்டது. கிண்ணத்தில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாத கருமையைப் பார்த்துவிட்டு, இது முரட்டு ஒயின், சுட்ட இறைச்சிக்கு மட்டுமே ஈடுகொடுக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். ஏற்றுமதியாகும் புட்டிகளின் பின்புறச் சீட்டிலும் அதே வாசகம்தான். சபெராவியின் குணத்தை முடிவு செய்வது நிறம் அல்ல, புளிப்பு என்பது என் கருத்து. அந்தப் புளிப்பைப் புரிந்துகொண்டால், அது பிறந்த மண்ணில் கத்தரிக்காயோடும் பயறோடும் கீரையோடும் அதை ஏன் குடிக்கிறார்கள் என்பதும் புரியும்.

தமிழ்நாட்டிலிருந்து மருத்துவம் படிக்கப் போகும் மாணவர்களால் திபிலிசி என்ற ஊர்ப் பெயர் நம் வீடுகளில் இன்று பழக்கமாகிவிட்டது. அந்தத் தலைநகரிலிருந்து கிழக்கே கொம்போரி மலைத்தொடரைத் தாண்டினால் அலசானி ஆற்றுப் பள்ளத்தாக்கு விரிகிறது. ஒருபுறம் பனி மூடிய பெருங்காக்கசஸ் மலைகள், மறுபுறம் கொம்போரிச் சரிவுகள், நடுவே தெலாவி, குர்ஜானி, க்வாரேலி ஆகிய ஊர்கள். நாட்டின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதி இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. வெள்ளைத் திராட்சையில் ரிகட்சிதேலி முதலிடம், கருந்திராட்சையில் சபெராவி. கோடையில் பகல் நன்றாகக் காயும். மலையிலிருந்து இறங்கும் காற்று இரவைக் குளிர்விக்கும். பகல் வெயில் பழத்தில் சர்க்கரையைச் சேர்க்க, இரவுக் குளிர் அமிலம் கரைந்து போகாமல் காக்கிறது. சபெராவி தாமதமாகப் பழுக்கும் வகை. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும்தான் பறிப்பார்கள். அவ்வளவு நாள் கொடியில் நின்று சர்க்கரை ஏறிய பிறகும் அதன் புளிப்பு பெரிதாகக் குறைவதில்லை. சூடான பகுதிகளின் சிவப்பு ஒயின்களில் இது அரிதான சேர்க்கை. இத்தனை நாள் காத்திருப்பதில் ஆபத்தும் உண்டு. ககேதியில் ஆலங்கட்டி மழை ஒரே மாலையில் ஓராண்டு உழைப்பை அழித்துவிடும். மேகங்களை நோக்கி ராக்கெட் ஏவி ஆலங்கட்டியைக் கலைக்கும் ஏற்பாட்டை 2015இல் அரசு மறுபடியும் தொடங்கியது அதனால்தான்.

நிறத்துக்கும் புளிப்புக்கும் வேதியியல் தொடர்பும் உண்டு. திராட்சையின் நிறமிகள் ஆந்தோசயனின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அமிலம் மிகுந்த நீர்மத்தில் இவை பளிச்சென்ற சிவப்பாக நிற்கும், அமிலம் குறையக் குறைய நீலத்தை நோக்கிச் சாயும். சங்குப்பூ ஊறிய நீல நீரில் எலுமிச்சை பிழிந்தால் நொடியில் ஊதாச் சிவப்பாக மாறுவதும் இதே குடும்பத்து நிறமிகளால்தான். சபெராவியில் நிறமியும் மிகுதி, அமிலமும் மிகுதி. ஒன்றை மற்றொன்று தாங்குவதால் நல்ல சபெராவி பல ஆண்டுகள் கழிந்தும் நிறம் வெளிறாமல் இருக்கிறது.

ஜார்ஜிய ஒயினைப் பற்றிப் பேசினால் 8000 ஆண்டு என்ற எண் உடனே வந்துவிடும். அதற்கு ஆதாரம் உண்டு. திபிலிசிக்குத் தெற்கே கதாச்ரிலி கோரா, ஷுலாவேரி கோரா என்ற இரண்டு புதிய கற்கால மேடுகளில் கிடைத்த மண்கலத் துண்டுகளை அமெரிக்க ஆய்வாளர் பேட்ரிக் மெக்கவர்னும் ஜார்ஜிய அகழாய்வாளர்களும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். கலத்தின் உட்சுவரில் ஊறிப் படிந்திருந்த டார்டாரிக் அமிலம் திராட்சையைக் காட்டிக்கொடுத்தது. காலம் ஏறத்தாழ கி.மு. 6000 முதல் 5800 வரை. முடிவுகள் 2017இல் வெளியாயின. இந்த ஆதாரம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அந்த மேடுகள் ககேதியில் இல்லை. கலத்தில் இருந்தது எந்தத் திராட்சை என்பதை அமில எச்சம் சொல்லாது. சபெராவிக்கு 8000 வயது என்று விளம்பரம் செய்வதற்கு இந்த ஆய்வில் இடமில்லை.

2023இல் சயன்ஸ் இதழில் வெளியான மரபணு ஆய்வு இன்னும் சுவையான செய்தியைச் சொல்கிறது. காட்டுக் கொடிகளும் தோட்டக் கொடிகளுமாக மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை ஒப்பிட்ட அந்த ஆய்வின்படி, சுமார் 11,000 ஆண்டுகளுக்கு முன் திராட்சை இரண்டு இடங்களில் தனித்தனியாகத் தோட்டப் பயிரானது: ஒன்று மேற்கு ஆசியா, மற்றது காக்கசஸ். ஐரோப்பா முழுவதும் பரவியது மேற்கு ஆசியக் கிளை. காக்கசஸ் கிளை அதிக தூரம் போகவில்லை. ஜார்ஜியாவில் மட்டும் ஐந்நூறுக்கு மேற்பட்ட உள்நாட்டு வகைகள் கணக்கெடுக்கப்பட்டிருப்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால், பழமையைவிடத் தனித்தன்மையே இந்த மண்ணின் உண்மையான பெருமை என்று தோன்றுகிறது.

அந்தத் தனித்தன்மை ஒயின் செய்யும் கலத்திலும் உண்டு. குவெவ்ரி என்பது முட்டை வடிவில் அடி குறுகிய பெரிய மண்தாழி. கயிறாகத் திரித்த களிமண்ணை வளையம் வளையமாக அடுக்கி, ஒவ்வொரு அடுக்கும் காயக் காத்திருந்து, கையாலேயே உயர்த்துகிறார்கள். சக்கரம் கிடையாது. பெரிய தாழிகள் சில ஆயிரம் லிட்டர் கொள்ளும், ஓர் ஆள் உள்ளே இறங்கி நிற்கலாம். சூளையில் சுட்டு, சூடு ஆறும் முன்பே உட்புறத்தில் தேன்மெழுகு பூசி, கழுத்துவரை மண்ணில் புதைத்துவிடுவார்கள். தாழிகள் புதைந்த இந்த அறைக்கு மரானி என்று பெயர். மண்ணுக்கடியில் வெப்பம் அதிகம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. நொதித்தல் நிதானமாக நடக்கிறது. ககேதி வழக்கப்படி சாற்றோடு தோல், விதை, பழுத்த காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே தாழியில் விடுவார்கள். வெள்ளைத் திராட்சையையும் இப்படி ஐந்தாறு மாதம் சக்கையோடு வைத்திருப்பதால் அது தேன் நிறம் பெறுகிறது. சபெராவிக்கு அவ்வளவு காலம் தேவையில்லை. நிறமும் துவர்ப்பும் சில வாரங்களிலேயே போதுமான அளவு இறங்கிவிடும். பிறகு சக்கையைப் பிரித்து வேறு தாழிக்கு மாற்றி ஆறவிடுகிறார்கள். தாழியின் கூர்மையான அடியில் விதைகள் முதலில் தங்க, அவற்றை வண்டல் மூடிவிடுகிறது. விதையின் கசப்பு ஒயினில் மிகுதியாக ஏறாமல் தடுப்பது வடிவத்தாலேயே கிடைக்கும் காவல். இந்த முறையை யுனெஸ்கோ 2013இல் மனிதகுலப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஜார்ஜியாவின் மொத்த உற்பத்தியில் இதன் பங்கு சிறியது. சந்தைக்கு வரும் சபெராவியில் பெரும்பகுதி எஃகுத் தொட்டியில் நொதித்து, சில வகைகள் ஓக் பீப்பாயில் ஆறி வருவதே.

பீப்பாயில் ஆறியவற்றில் தலைசிறந்தது முகுசானி. அலசானியின் வலக்கரையில், கொம்போரிச் சரிவை ஒட்டிய கிராமத்தின் பெயர் அது. அந்த வட்டாரத்துச் சபெராவியை ஓக் மரத்தில் குறைந்தது ஓராண்டு வைத்தால்தான் அந்தப் பெயரைப் போடலாம். இனிப்பு துளியும் இல்லாத, வற்றக் காய்ந்த ஒயின். இடக்கரையில், காக்கசஸ் அடிவாரத்து க்வாரேலியில் பிறப்பது கிண்ட்ஸ்மராவுலி. துருஜி ஆறு மலையிலிருந்து அடித்துவந்த கருஞ்சிலேட்டுக் கற்கள் படிந்த நிலம் அது. திராட்சை இதுவும் சபெராவிதான், ஆனால் சர்க்கரை முழுதும் சாராயமாக மாறுவதற்கு முன்பே குளிரூட்டி நொதித்தலை நிறுத்திவிடுகிறார்கள். லிட்டருக்கு 30 கிராமுக்கும் மேல் சர்க்கரை மிஞ்சுகிறது. ஒரே பழம், ஒரே பள்ளத்தாக்கு, ஆற்றின் இரு கரைகளில் இரண்டு முற்றிலும் வேறான ஒயின்கள்.

இந்த அரை இனிப்பு வகையின் பெருக்கத்துக்குப் பின்னால் அரசியல் இருக்கிறது. சோவியத் காலத்தில் ஜார்ஜியா மொத்த ஒன்றியத்துக்கும் ஒயின் கொடுத்த நாடு. முகுசானிக்கு 4, கிண்ட்ஸ்மராவுலிக்கு 22 என்று ஒயின்கள் எண் தாங்கி வந்தன. மாஸ்கோவின் நாக்குக்கு இனிப்பு பிடித்திருந்தது, தொழிற்சாலைகளுக்கு அளவு வேண்டியிருந்தது. ககேதியில் அதிக விளைச்சல் தரும் சில வகைகளே எஞ்சின. மற்றவற்றில் பல தோட்டங்களிலிருந்து மறைந்து ஆய்வுத் தோட்டங்களில் மட்டும் மிஞ்சின. 1985இல் கொர்பச்சேவ் தொடங்கிய மது எதிர்ப்பு இயக்கத்தில் கொடிகளே பிடுங்கப்பட்டன. 2006இல் தரத்தைக் காரணம் காட்டி ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. ஏற்றுமதியின் பெரும்பகுதி ஒரே ஆண்டில் அறுந்தது. அரசியல் பகையே உண்மையான காரணம் என்று ஜார்ஜியர்கள் அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். அந்தத் தடை நீடித்த ஏழாண்டுகள்தான் சபெராவியை மீட்டெடுத்தன. வேறு சந்தை தேடியே ஆக வேண்டிய நிலையில் தரம் உயர்ந்தது, சிறு உற்பத்தியாளர்கள் தலையெடுத்தார்கள், குவெவ்ரிக்கு ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஆள் கிடைத்தது. 2013இல் தடை நீங்கியதும் ரஷ்யா மறுபடியும் முதல் வாங்குநராகிவிட்டது. ஒரே வாசலை நம்பி நிற்பது எப்படி முடியும் என்பதை ஒருமுறை பட்டுத் தெரிந்துகொண்ட தொழில் அதே வாசலுக்குத் திரும்பியிருப்பது எனக்குக் கவலை தருகிறது.

இனி உணவு. எந்த ஒயினுக்கு எந்த உணவு என்று ஐரோப்பா வகுத்த விதிகளுக்கு அடியில் ஒரு பரிமாறும் முறை இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டுக்கு முன் பிரெஞ்சு விருந்துகளிலும் பல பதார்த்தங்கள் ஒரே நேரத்தில் மேசையில் இருந்தன. ஒன்று முடிந்து ஒன்றாகத் தட்டுத் தட்டாகக் கொண்டுவரும் வழக்கம் அந்த நூற்றாண்டில்தான் அங்கே பரவியது. ஒரு நேரத்தில் ஒரு பதார்த்தம் என்றான பிறகுதான் அதற்குத் துணையாக ஒரே ஒயினைத் தேர்ந்தெடுக்கும் கலைக்கு வேலை வந்தது. ஜார்ஜியாவின் சுப்ரா விருந்தில் அந்த வரிசையே கிடையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, கீரை, கத்தரிக்காய், பயறு, கோழி, இறைச்சி எல்லாம் மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் ஏறும்படி அடுக்கப்படும். தமாதா எனப்படும் விருந்துத் தலைவர் ஒவ்வொரு முறையும் நாட்டுக்கு, இறந்தவர்களுக்கு, பெற்றோருக்கு, குழந்தைகளுக்கு என்று வாழ்த்துரைத்த பிறகே கிண்ணத்தை உயர்த்துவார்கள். எந்த வாயில் எது இருக்கும்போது ஒயின் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. அங்கே ஒயின் மொத்த மேசைக்கும் ஈடுகொடுத்தாக வேண்டும். ககேதி வீட்டு விருந்தில் அதிகம் ஓடுவது ரிகட்சிதேலியின் தேன்நிற ஒயின் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்கு அடுத்த இடம்தான் சபெராவிக்கு.

சிவப்பு ஒயினின் துவர்ப்புக்குக் காரணம் டானின்கள். எச்சிலில் உள்ள சிலவகைப் புரதங்களோடு இவை ஒட்டிக்கொள்வதால் வாயின் வழவழப்பு போய் நாக்கும் கன்னமும் இழுத்துப் பிடிக்கின்றன. உணவில் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானின் அவற்றைப் பற்றிக்கொள்கிறது, துவர்ப்பு தணிகிறது. கொழுப்பின் பங்கை 2021இல் போர்தோ ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு வாய் எண்ணெய்க்குப் பிறகு டானின் கரைசலைச் சுவைத்தவர்களுக்குத் துவர்ப்புக்குப் பதில் பழச்சுவை தெரிந்தது. இறைச்சியோடு சிவப்பு ஒயின் என்ற பழைய விதியின் சாரம் இவ்வளவுதான். இறைச்சி என்பதே அதில் கட்டாயமில்லை.

ககேதியின் மிட்ஸ்வாதி இந்த விதிக்கு நேரான சான்று. பன்றி அல்லது ஆட்டிறைச்சியைப் பெரிய துண்டுகளாகக் கம்பியில் கோத்துச் சுடுவது. எரிபொருள், கவாத்து செய்தபோது கட்டி எடுத்துவைத்த திராட்சைக்கொடிக் குச்சிகள். அவை சட்டென்று பற்றி, சீக்கிரம் தணலாகி, கடும் சூடு தரும். மசாலா என்று எதுவும் இல்லை, உப்பு மட்டும். சுட்டதும் பச்சை வெங்காய வளையங்களின் மேல் கொட்டி மாதுளை முத்துகளைத் தூவுகிறார்கள். பக்கத்தில் புளிப்பு பிளம்பழத்தை வேகவைத்துப் பூண்டும் மூலிகையும் சேர்த்த ட்கெமலி. கொழுப்பு துவர்ப்பைத் தணிக்கிறது. ஆனால் மாதுளையும் ட்கெமலியும் கொண்டுவரும் புளிப்பை என்ன செய்வது? உணவு ஒயினைவிடப் புளித்தால் ஒயின் சப்பென்று தட்டையாகிவிடும். வெயில் மிகுந்த நாடுகளின் மென்மையான சிவப்பு ஒயின்கள் பல இந்த இடத்தில் தோற்றுப்போகும். சபெராவி தோற்பதில்லை, ஏனென்றால் அதன் புளிப்பு பிளம்பழத்தின் புளிப்புக்குச் சமமாக நிற்கிறது.

இறைச்சியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வால்நட் பதார்த்தங்கள். ஜார்ஜியக் கிறித்தவத் திருச்சபையில் விரத நாட்கள் மிகுதி. உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நீண்ட தவக்காலம் போக, ஆண்டு முழுக்கப் புதனும் வெள்ளியும் விரதம். இறைச்சி, பால், முட்டை எதுவும் ஆகாத அந்த நாட்களில் உணவுக்குச் சத்தும் செழுமையும் கொடுப்பது வால்நட். கத்தரிக்காயை நீளவாக்கில் சீவி வறுத்து, வால்நட்டும் பூண்டும் கொத்தமல்லியும் அரைத்த விழுதை உள்ளே வைத்துச் சுருட்டினால் பட்ரிஜானி. கீரையோ பீட்ரூட் இலையோ வேகவைத்துப் பிழிந்து அதே விழுதில் பிசைந்து, சிறிது வினிகர் விட்டால் பிகாலி. சிவப்பு ராஜ்மா பயறை மண்சட்டியில் குழைய வேகவைத்துத் தாளித்தால் லோபியோ. வால்நட்டைத் தனியாகக் கடித்து மேலே துவர்ப்பான ஒயினைக் குடித்தால் கசக்கும், ஏனென்றால் பருப்பின் மெல்லிய தோலிலும் டானின் உண்டு. அரைத்த விழுதில் நிலைமை மாறிவிடுகிறது. எண்ணெய் வெளியேறி நீரோடு கலந்து பால்போல் குழைகிறது. போர்தோ ஆய்வில் எண்ணெய் செய்த வேலையை இங்கே இந்த விழுது செய்கிறது. வினிகரின் புளிப்பைச் சபெராவியின் புளிப்பு ஏற்கிறது. மரக்கறி உணவுக்குச் சிவப்பு ஒயின் கனம் என்ற பொதுக்கருத்து இந்த மேசையில் செல்லாது.

மீனோடு இது சேராது. சிவப்பு ஒயினில் இரும்பு மிகுந்தால் கடலுணவோடு கவிச்சி வாடை கிளம்பும் என்று 2009இல் ஜப்பானிய ஆய்வு காட்டியது. கடல் இல்லாத ககேதியில் அந்தக் கேள்வி அதிகம் எழுந்ததும் இல்லை. மிளகாய்க் காரமும் வற்றிய சபெராவிக்குப் பகைதான். சாராயம் காரத்தை எரிச்சலாக்கும், காரம் துவர்ப்பைக் கூட்டும். காரமான அஜிகா துவையலும் மிளகாய்ச் சமையலும் ஜார்ஜியாவின் மேற்கே மெக்ரேலியாவுக்கும் அப்காசியாவுக்கும் உரியவை. ககேதிச் சமையலில் பூண்டும் மூலிகையும் புளிப்பும்தான் முன்னால் நிற்கும். காரம் விடாதவர்களுக்குக் கிண்ட்ஸ்மராவுலி பொருந்தும். அதன் மிச்சச் சர்க்கரை எரிச்சலை ஆற்றும். அரை இனிப்பு ஒயினை ஒயின் விமர்சகர்கள் கீழாகப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கிண்ட்ஸ்மராவுலியில் இனிப்பைச் சமன் செய்யும் புளிப்பு இருக்கிறது. மலிவாகச் சந்தைக்கு வரும் பலவற்றில் அது இல்லை என்பதே குறை.

அறுவடைக் காலத்தில் ஒயினுக்குப் போகாத சாறும் வீணாவதில்லை. மாவு சேர்த்துக் கிளறிக் காய்ச்சிக் கெட்டியாக்கி, நூலில் கோத்த வால்நட்டுகளை அதில் முக்கிமுக்கி எடுத்து, வாரக்கணக்கில் காயவிட்டால் சுர்ச்கேலா. சபெராவிச் சாற்றில் செய்தது கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும்.

இன்று சபெராவி அமெரிக்காவின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியிலும் ஆஸ்திரேலியாவிலும் வளர்கிறது. குளிரைத் தாங்கும் கொடி என்பதால் நியூயார்க் மாநிலக் குளிர்காலத்திலும் பிழைக்கிறது. கொடி கடல் தாண்டிவிட்டது, மேசை தாண்டவில்லை. வெளிநாட்டு உணவகங்களில் மாட்டிறைச்சித் துண்டோடுதான் அதைக் கொடுக்கிறார்கள். ககேதி உற்பத்தியாளர்கள் 8000 ஆண்டுக் கதையைச் சொல்வதற்குச் செலவிடும் இடத்தில் பாதியைப் பட்ரிஜானிக்கும் லோபியோவுக்கும் கொடுத்தால், இறைச்சி உண்ணாதவர்கள் நிறைந்த நாடுகளிலும் இந்த ஒயினுக்கு உரிய இடம் கிடைக்கும்.

முயன்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு வேண்டிய பொருள்கள் பெரும்பாலும் நம் கடைகளிலேயே உண்டு. ராஜ்மாவை இரவே ஊறவைத்துக் குழைய வேகவையுங்கள். வெங்காயத்தை எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, பயறில் பாதியை மசித்துச் சேருங்கள். பூண்டு, தனியா, நிறையக் கொத்தமல்லித்தழை, அரைத்த வால்நட் ஒரு பிடி, கடைசியில் சிறிது வினிகர். ஜார்ஜியர்கள் போடும் நீலப்பூ வெந்தயம் நம் வெந்தயத்தைவிடக் கசப்பு குறைந்தது. நம்முடையதைப் போடுவதானால் வறுத்துப் பொடித்து ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம். மிளகாயை மறந்துவிடுங்கள். சபெராவியை நம் ஊர் அறை வெப்பத்தில் ஊற்றினால் சாராய நெடிதான் முன்னால் வரும். குளிர்பெட்டியில் குளிரவைத்து, 16 அல்லது 17 டிகிரி செல்சியஸில், அகன்ற கிண்ணத்தில் ஊற்றிச் சிறிது நேரம் காற்றுப்படவிட்டுக் குடிப்பது நல்லது.